அலகும் எண்ணும்: யாழ்நூல் வழி இசைக்கல்வியும் கணிதக் கல்வியும்

முன்னுரை

தமிழிசை ஆய்வு வரலாற்றில் இரு பெருநூல்கள் தலைமை பெறுகின்றன. ஒன்று தஞ்சை மு. ஆபிரகாம் பண்டிதர் 1917ஆம் ஆண்டில் வெளியிட்ட கருணாமிர்த சாகரம். மற்றொன்று சுவாமி விபுலானந்த அடிகள் இயற்றி, கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1947ஆம் ஆண்டில் வெளியிட்ட யாழ்நூல். இவ்விரு நூல்களையும் போற்றாத தமிழறிஞர் இலர். எனினும் இரண்டிலும் எண்களும் பின்னங்களும் நிரம்பிய பகுதிகளைத் தமிழ் பயில்வோர் கடந்து செல்வதே வழக்கமாக உள்ளது. இசை பயில்வோர் பண்களின் பெயரையும் அவற்றிற்கு இணையான இராகங்களின் பெயரையும் எடுத்துக்கொண்டு நின்றுவிடுகின்றனர். கணிதம் பயில்வோர்க்கோ இந்நூல்கள் தம் துறைக்குரியன என்னும் எண்ணமே எழுவதில்லை.

இதன் விளைவு சிறிதன்று. அலகு 22ஆ 24ஆ என்பதும், செம்பாலை அரிகாம்போதியா சங்கராபரணமா என்பதும் ஒரு நூற்றாண்டாகப் பேசப்பட்டு வருகின்றன. கணக்கிட்டு ஆராய வேண்டிய இவ்வினாக்கள் பல வேளைகளில் ஆசிரியர் மீதுள்ள பற்றினால் விடைகூறப்படுகின்றன. கணிதத்தையும் இசையையும் ஒருசேரக் கற்பது தமிழாய்வுக்கு ஏன் இன்றியமையாதது என்பதை இவ்விரு நூல்களின் வரலாற்றைக் கொண்டும், அவை எழுப்பும் கணக்குகளைக் கொண்டும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேலைக் கல்வியும் இந்திய மரபும்

இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் எண்ணியல், வடிவியல், இசை, வானியல் ஆகிய நான்கும் ஒரு தொகுதியாகக் கற்பிக்கப்பட்டன. அங்கு இசை என்பது பாடும் பயிற்சியைக் குறிக்கவில்லை; விகிதங்களைப் பற்றிய கல்வியையே குறித்தது. கி.பி. ஆறாம் நூற்றாண்டில் போயிதியசு இலத்தீனில் எழுதிய இசைநூல் இக்கல்விக்குப் பாடநூலாகப் பல நூற்றாண்டுகள் விளங்கியது. பிதகோரசு வழியினர் நரம்பின் நீளத்துக்கும் ஒலிக்கும் இடையே கண்ட எளிய விகிதங்களே அப்பாடத்தின் அடிப்படையாகும். பிற்காலத்தில் இசை கலைப்பிரிவுக்கும் கணிதம் அறிவியற் பிரிவுக்கும் உரியவாகப் பிரிந்தன. இந்தியப் பல்கலைக்கழகங்கள் தோன்றிய 19ஆம் நூற்றாண்டில் அப்பிரிவு நிலைபெற்றிருந்தது. 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகமும் அப்பிரிவையே மரபாகப் பெற்றது.

நம் நாட்டு மரபிலோ இசையிலக்கணம் எண்ணைத் துறந்து நின்றதில்லை. பரதரின் நாட்டிய சாத்திரம் இரு வீணைகளை ஒப்பிட்டுச் சுருதிகளை எண்ணிக் காட்டும் சோதனையைக் கூறுகிறது. 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த சார்ங்கதேவரின் சங்கீத ரத்னாகரம் சுரங்களின் வரிசைமாற்றங்களையும் தாளப் பிரிவுகளின் வகைகளையும் முறைப்படி எண்ணும் வழியைத் தருகிறது. 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் வாழ்ந்த வேங்கடமகி சதுர்தண்டிப் பிரகாசிகையில் 72 மேளங்களை வகுத்தார். முன்பாதியில் 6 வகையும் பின்பாதியில் 6 வகையும் பெருக 36 ஆகும். மத்திமம் இரண்டு ஆதலால் 72 ஆகும். அவற்றுட் பெரும்பாலானவை அவர் காலத்தில் வழக்கில் இல்லாதவை. இசை வழக்கைத் தொகுத்துக் கூறுவதோடு நில்லாமல், வழங்கக்கூடியவற்றை எல்லாம் எண்ணால் முன்கூட்டியே அடைவுபடுத்தியது இம்முறை. பின்வந்த இசையாளர் அவ்வடைவிலிருந்து புதிய இராகங்களை எடுத்தாண்டனர் என்பது நோக்கத்தக்கது.

சிலப்பதிகார உரையில் அமைந்த கணக்கு

தமிழில் இவ்வகைக் கணக்குக்குத் தலையூற்றாக விளங்குவது சிலப்பதிகார அரங்கேற்று காதையும் அதற்கு அடியார்க்கு நல்லார் வகுத்த உரையும் ஆகும். உ.வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை அவ்வுரையுடன் பதிப்பித்த பின்னரே இச்செய்திகள் ஆய்வாளர் கைக்கு எட்டின.

பழைய மேற்கோள்கள் ஏழு நரம்புகளுக்கும் உரிய அலகுகளைப் பின்வருமாறு தருகின்றன: குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2. இவற்றின் கூட்டுத்தொகை 22. இங்கு ஒரு வினா எழுகிறது. குரலுக்கு 4 அலகு என்றால், அவ்வலகு குரலுக்குக் கீழுள்ள இடைவெளியைக் குறிக்கிறதா, மேலுள்ள இடைவெளியைக் குறிக்கிறதா? இவ்வினாவுக்கு விடை காணாமல் 22 என்னும் தொகையை மட்டும் கூறுவதால் பயனில்லை.

கீழுள்ள இடைவெளியைக் குறிக்கிறது எனக் கொண்டால், குரலிலிருந்து மேலேறும் இடைவெளிகள் 4, 3, 2, 4, 3, 2, 4 என அமையும். 4 அலகும் 3 அலகும் முழுச்சுர இடைவெளி எனவும், 2 அலகு அரைச்சுர இடைவெளி எனவும் கொண்டால் இவ்வரிசை இன்றைய அரிகாம்போதி ஆகும். மேலுள்ள இடைவெளியைக் குறிக்கிறது எனக் கொண்டால் வரிசை 4, 4, 3, 2, 4, 3, 2 என அமைந்து கல்யாணி ஆகிவிடும். ஒரே மேற்கோள், ஒரே எண்கள். வாசிக்கும் முறை மாறும்போது பண் மாறுகிறது.

இனி வட்டப்பாலையை நோக்குவோம். பன்னிரு இராசி வீடுகள் அமைந்த வட்டத்தில் இடபம், கடகம், சிங்கம், துலாம், தனுசு, கும்பம், மீனம் என்னும் ஏழு வீடுகளில் குரல் முதல் தாரம் ஈறாக நரம்புகள் நிறுத்தப்படுகின்றன. வீடுகளை எண்ணினால் குரலிலிருந்து இடைவெளிகள் 2, 1, 2, 2, 2, 1, 2 என வரும். இது கரகரப்பிரியா. துலாத்தில் நிற்கும் உழையைக் குரலாகக் கொண்டு எண்ணினால் 2, 2, 1, 2, 2, 1, 2 என வந்து அரிகாம்போதி ஆகிறது. மேலே அலகுகளின் முதல் வாசிப்பில் கிடைத்ததும் இதுவே. வேனிற்காதையில் உழையை முதலாகவும் கைக்கிளையை இறுதியாகவும் கொண்டு நரம்பு கட்டும் முறை கூறப்படுவது இதற்குத் துணை நிற்கிறது.

இவ்வாறு அரிகாம்போதியைச் செம்பாலையாகக் கொண்டு, ஒவ்வொரு நரம்பையும் முறையே குரலாக மாற்றினால் ஏழு பாலைகளும் பிறக்கின்றன. துத்தம் குரலாகப் படுமலைப்பாலை, இது நடபைரவி. கைக்கிளை குரலாகச் செவ்வழிப்பாலை. இது இரு மத்திமமும் பெற்றுப் பஞ்சமம் நீங்கிய தோடி. உழை குரலாக அரும்பாலை, இது சங்கராபரணம். இளி குரலாகக் கோடிப்பாலை, இது கரகரப்பிரியா. விளரி குரலாக விளரிப்பாலை, இது தோடி. தாரம் குரலாக மேற்செம்பாலை, இது கல்யாணி.

இக்கணக்கிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. எந்த நரம்பிலிருந்து தொடங்கினாலும் வட்டம் ஒன்றே. அதிற் பிறக்கும் ஏழு பண்களும் அவையே. மாறுபடுவது எப்பெயர் எப்பண்ணுக்கு உரியது என்பது மட்டுமே. ஆகவே செம்பாலை சங்கராபரணம் என்பார்க்கும் அரிகாம்போதி என்பார்க்கும் இடையிலான வேறுபாடு, பழந்தமிழிசையின் பண் அமைப்பைப் பற்றியதன்று. வட்டத்தின் தொடக்கப் புள்ளியைப் பற்றியது. வட்டத்தை நிறுவுவது கணிதம். தொடக்கப் புள்ளியை நிறுவுவது மூலபாடமும் உரையும். ஒன்றை மட்டும் அறிந்தவர் மற்றதன் எல்லைக்குள் நின்று முடிவு கூற முற்படுவதனால்தான் இவ்வாதம் நீண்டது.

ஆபிரகாம் பண்டிதரின் கணக்கு

இவ்வகை ஆய்வை 20ஆம் நூற்றாண்டில் முதன்முதலில் விரிவாக மேற்கொண்டவர் ஆபிரகாம் பண்டிதர் (1859-1919). சாம்பவர் வடகரையிற் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த இவர் ஆசிரியராகவும் பின்னர்ச் சித்த மருத்துவராகவும் விளங்கியவர். பல்கலைக்கழகம் எதனையும் சாராத இவர், மருத்துவத்தால் ஈட்டிய பொருளை இசையாய்வுக்குச் செலவிட்டார். 1912இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி இசை மாநாடுகளை நடத்தினார். 1916இல் பரோடாவில் கூடிய அனைத்திந்திய இசை மாநாட்டில் தம் கொள்கையை முன்வைத்தார்.

சார்ங்கதேவர் வழிவந்த 22 சுருதிக் கொள்கை நடைமுறையில் பாடப்படும் இசைக்குப் பொருந்தவில்லை என்பது அவர்தம் வாதத்தின் அடிப்படை. ஒரு மண்டிலத்தை 12 சம பாகங்களாகப் பகுப்பது ஆயப்பாலை எனவும், 24 சம பாகங்களாகப் பகுப்பது வட்டப்பாலை எனவும் அவர் விளக்கினார். இங்குச் சம பாகம் என்பது கூட்டலால் அமைவதன்று, பெருக்கலால் அமைவது. ஒவ்வொரு படியிலும் அதிர்வெண் ஒரே விகிதத்தாற் பெருகி, 24ஆம் படியில் இருமடங்கு ஆதல் வேண்டும். கணிதத்தில் இது பெருக்குத் தொடர் எனப்படும். சீனத்தில் சூ சாய்யூ என்பார் 1584இல் 12 சம பாகங்களுக்கு இக்கணக்கைச் செய்தார். ஐரோப்பாவிலும் அதனை அடுத்த காலத்தில் இம்முறை ஆராயப்பட்டது. பண்டிதர் இதனைத் தமிழ் நூல்களின் சொற்களோடு இணைத்துக் காட்டியதே அவர்தம் தனிச்சிறப்பாகும்.

பண்டிதர் கொள்கைப்படி முழுச்சுர இடைவெளி ஒவ்வொன்றும் 4 அலகு, அரைச்சுர இடைவெளி 2 அலகு. ஐந்து நான்குகளும் இரண்டு இரண்டுகளும் சேர 24 ஆகும். கைக்கிளையிலும் விளரியிலும் ஒவ்வோர் அலகு குறைத்துக் கூறியதனாலேயே 22 என்னும் தொகை தோன்றியது என்பது அவர் தரும் விளக்கம்.

விபுலானந்த அடிகளின் கல்வியும் யாழ்நூலும்

சிலப்பதிகாரப் பதிப்பு வெளிவந்த 1892ஆம் ஆண்டிலேயே ஈழத்தின் கிழக்குக் கரையிலுள்ள காரைதீவில் மயில்வாகனனார் பிறந்தார். இவரே பின்னர் விபுலானந்த அடிகள் ஆனார். மட்டக்களப்பில் புனித மிக்கேல் கல்லூரியிற் பயின்று, கொழும்பில் ஆசிரியப் பயிற்சியும் அறிவியற் கல்வியும் பெற்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்வில் தேறினார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். யாழ்ப்பாணத்தில் புனித பத்திரிசியார் கல்லூரியில் அறிவியல் கற்பித்து, மானிப்பாய் இந்துக் கல்லூரியில் முதல்வராகப் பணியாற்றினார். 1922இல் சென்னை இராமகிருட்டிண மடத்திற் சேர்ந்து 1924இல் துறவு பூண்டார்.

இவ்வாண்டுகளை ஈண்டு நிரல்படக் கூறியதற்குக் காரணம் உண்டு. நான்காண்டு இடைவெளியில் ஒருவர் பழந்தமிழ்ப் பண்டிதராகவும் அறிவியற் பட்டதாரியாகவும் ஆயினார் என்பது அக்காலக் கல்விமுறையின் விளைவன்று. இருவேறு நாட்டு நிறுவனங்கள் நடத்திய இருவேறு தேர்வுகளைத் தம் முயற்சியால் ஒருவரே எழுதித் தேறியதன் விளைவு. யாழ்நூல் அவ்விரு கல்விகளின் கூட்டிலிருந்தே பிறந்தது. அவருள் ஒன்றாய் இருந்ததை எந்தப் பல்கலைக்கழகமும் பாடத்திட்டமாக வகுக்கவில்லை.

யாழ்நூல் பாயிரவியல், யாழ் உறுப்பியல், இசை நரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழு இயல்களாக அமைந்தது. வில்யாழ் முதலான யாழ்வகைகளின் உறுப்புகளை இலக்கியச் சான்றுகளால் மீட்டெடுத்ததோடு, நரம்புகளின் ஒலியை அதிர்வெண், விகிதம் ஆகியவற்றால் அளந்து காட்டியது இந்நூல். செம்பாலையை அரிகாம்போதியாக அடிகள் துணிந்ததற்கு இவ்விருவகைச் சான்றுகளின் பொருத்தமே அடிப்படை. 1947 சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூரில் நூல் அரங்கேறியது. அடுத்த திங்கள் 19ஆம் நாள் அடிகள் மறைந்தார். தம் கணக்குகள் குறித்து எழக்கூடிய ஐயங்களுக்கு விடையிறுக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. அப்பணி அவர்தம் வாசகர்க்கு உரியதாயிற்று.

இரு கணக்குகளின் ஒப்பீடு

22 அலகும் 24 அலகும் ஒன்றையொன்று மறுப்பனவா? இதற்கு மூன்று நிலைகளைப் பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது, 22 அலகுகளும் தம்முள் சமம் எனக் கொள்ளும் நிலை. குரலிலிருந்து இளி 13ஆம் அலகில் நிற்கிறது. மண்டிலத்தை 22 சம விகிதங்களாகப் பகுத்தால் 13ஆம் படியின் அதிர்வெண் குரலைப்போல் 1.506 மடங்கு ஆகும். செவி ஏற்கும் இளியோ குரலின் 1.5 மடங்கு. ஒரு மண்டிலத்தை 1200 சென்ட் எனப் பகுக்கும் எல்லிசின் அளவையிற் கூறினால் இவ்வேறுபாடு ஏறத்தாழ 7 சென்ட். சுருதியோடு இசைத்துப் பாடும் இசையில் இப்பிழை பொறுக்கத்தக்கதன்று. ஆகவே 22 சம அலகுகளைப் பண்டிதர் மறுத்தது முற்றிலும் சரியே.

இரண்டாவது, பண்டிதர் கூறும் 24 சம அலகு. இதில் இளி 14ஆம் படியில் 1.498 மடங்காக நிற்கிறது. பிழை 2 சென்ட் மட்டுமே. ஆயின் கைக்கிளை, அதாவது அந்தர காந்தாரம், 400 சென்டில் நிற்கிறது. குரலின் 5/4 மடங்காகிய இயல்பான காந்தாரம் 386 சென்டில் அமைவது. இங்குப் பிழை 14 சென்ட்.

மூன்றாவது, 22 அலகுகள் சமமற்றவை எனக் கொள்ளும் நிலை. 4 அலகு 9/8, 3 அலகு 10/9, 2 அலகு 16/15 என்னும் விகிதங்களாகக் கொள்வது இசையாய்வாளரிடையே பரவலாக வழங்கும் முறை. செம்பாலையின் இடைவெளிகளை இவ்வாறு பெருக்கிச் சென்றால் துத்தம் 9/8, கைக்கிளை 5/4, உழை 4/3, இளி 3/2, விளரி 5/3, தாரம் 16/9 என வந்து, மேற்குரல் மிகச் சரியாக 2 ஆகிறது. எண்கள் அனைத்தும் சிறியன. ஒலிகள் குரலோடு நன்கு இயைவன. பண்டிதரின் மறுப்பு இந்நிலையைத் தாக்கவில்லை. ஏனெனில் அது சம அலகை நோக்கி எழுந்த மறுப்பு.

எனினும் இந்நிலையிலும் ஓர் இடர் உண்டு. குரலிலிருந்து இளி 13 அலகு. அதுபோலவே துத்தத்தைக் குரலாக மாற்றினால் அதற்கு இளியாக வருவது விளரி. ஆயின் துத்தத்திலிருந்து விளரி வரை 3, 2, 4, 3 எனக் கூட்ட 12 அலகே வருகிறது. ஓர் அலகு குறைகிறது. விகிதத்தில் இக்குறை 81/80. ஆகவே பண்ணுப்பெயர்க்கும்போது ஒரு நரம்பைச் சிறிது திருத்தினாலன்றிப் படுமலைப்பாலையின் இளி இனிமையாக அமையாது. பண்டிதரின் 24 அலகில் இவ்விடர் இல்லை. அங்குத் துத்தத்திலிருந்து விளரியும் 4, 2, 4, 4 எனக் கூட்ட 14 அலகே ஆகும். எந்த நரம்பைக் குரலாக்கினாலும், கைக்கிளை ஒன்று நீங்கலாக, இளி சரியாக நிற்கும்.

இதனால் இருவர் கொள்கைக்கும் இடையிலுள்ள உண்மையான வேறுபாடு விளங்குகிறது. குரல் ஒன்றை நிலையாகக் கொண்டு ஏனைய நரம்புகள் அதனோடு இயைந்து ஒலிக்க வேண்டும் என்பது ஒரு வேண்டுதல். குரல் எங்கு மாறினாலும் இடைவெளிகள் மாறாதிருக்க வேண்டும் என்பது மற்றொரு வேண்டுதல். இரண்டையும் ஒரே நரம்புக் கட்டில் முழுமையாக நிறைவேற்றுதல் இயலாது. இளி விகிதத்தை 12 முறை பெருக்கினால் 129.75 வருகிறது, ஏழு மண்டிலங்களுக்கு உரிய எண்ணோ 128. மூன்றின் அடுக்கு எதுவும் இரண்டின் அடுக்கு எதற்கும் சமமாகாது என்னும் எண்ணியல் உண்மையே இதற்குக் காரணம். ஐரோப்பிய இசை இவ்விடரைச் சம பாகத்தால் தீர்த்துக்கொண்டது. நம் இசை பெரும்பாலும் நிலைத்த சுருதியை மேற்கொண்டு, கமகத்தாலும் செவிப்பயிற்சியாலும் தீர்த்துக்கொண்டது. அடிகளும் பண்டிதரும் ஒரே சிக்கலின் இரு முனைகளைப் பற்றி நின்றனர் என்பதே பொருந்தும். ஒருவரை ஏற்க மற்றவரைத் தள்ள வேண்டும் என்பதில்லை.

மேற்கூறிய விகிதங்களைத் தமிழ்க் கணக்கு மரபின் பின்னப்பெயர்களால் நோக்குவதும் பயனுடைத்து. இளி ஒன்றரை, கைக்கிளை ஒன்றேகால், துத்தம் ஒன்றே அரைக்கால். குறைந்து நின்ற ஓர் அலகாகிய 81/80 என்பது ஒன்றே காணி. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி பயின்ற மாணவன் வாயில் வழங்கிய சொற்களே இவை. இதனைக் கொண்டு பழந்தமிழர் இவ்விகிதங்களை இப்பெயர்களால் அறிந்திருந்தனர் எனத் துணிதல் பொருந்தாது. உழையின் 4/3 இப்பின்னங்களில் முழுமையாக அடங்காது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஆயினும் இசைக்கணக்கைத் தமிழில் கற்பிக்கச் சொல் இல்லை எனக் கூறுதற்கு இடமில்லை என்பது இதனாற் பெறப்படும்.

பல்கலைக்கழகத் துறைகள்

1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அவ்வாண்டிலேயே அங்கு இசைக்கல்லூரியும் அமைந்தது. 1931 முதல் 1933 வரை விபுலானந்த அடிகள் அங்குத் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். அதே காலத்தில் எண்ணியல் அறிஞர் எஸ்.எஸ். பிள்ளை அங்குக் கணிதம் கற்பித்து வந்தார். இந்தியக் கணிதக் கழகத்தின் மாணவர் இதழ் 1933இல் அண்ணாமலை நகரிலிருந்தே தொடங்கியது. தமிழும் இசையும் கணிதமும் உயர்நிலையில் ஒரே வளாகத்தில் இருந்த காலம் அது. ஆயின் பாடத்திட்டங்கள் தனித்தனியே அமைந்தன. 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் இசைத்துறையைத் தொடங்கியபோதும், பின்னர் 1943இல் அடிகள் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர் ஆனபோதும் நிலை பெரிதும் மாறவில்லை.

இயற்பியல் துறையில் இதற்கு மாறான சான்று ஒன்று உண்டு. சி.வி. இராமன் அரசின் நிதித்துறை அலுவலராக இருந்த காலத்திலேயே கல்கத்தாவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் நரம்பிசைக் கருவிகளை ஆராய்ந்தார். 1918இல் வில்லால் இயக்கப்படும் நரம்பின் அதிர்வு குறித்து விரிவான நூலொன்றை வெளியிட்டார். 1920இல் சிவகாளி குமார் என்பாருடன் இணைந்து, மிருதங்கம் போன்ற முழவுகளின் ஒலி குறித்து எழுதினார். வெறுந்தோல் எழுப்பும் ஒலிகள் எளிய விகிதங்களில் அமைவதில்லை. வலந்தலையின் நடுவே, சோற்றுடன் கல்பொடி குழைத்து இடும் கரும்பூச்சு அவ்வொலிகளை 1, 2, 3, 4, 5 என்னும் முழு எண் விகிதங்களுக்குக் கொண்டுவருகிறது என்பதை அவர்கள் காட்டினர். முழவு செய்யும் கைவினைஞர் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்ததன் கணிதம் இவ்வாறு வெளிப்பட்டது. இசைக்கருவியை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுசெல்லத் தயங்காத மனப்பாங்கே இதற்குக் காரணம்.

தமிழிசை ஆய்வில் அடிகளுக்குப் பின் அவ்வழியைத் தொடர்ந்தோர் உளர். எஸ். இராமநாதன் சிலப்பதிகார இசையை ஆராய்ந்து பாலைகளைப் பாடியும் இசைத்தும் காட்டினார். வீ.ப.கா. சுந்தரம் பாரதிதாசன் பல்கலைக்கழக வெளியீடாகத் தமிழிசைக் கலைக்களஞ்சியத்தைத் தொகுத்தார். எனினும் அடுத்த தலைமுறையை உருவாக்குவதற்குரிய கல்வியமைப்பு போதியதாக இல்லை. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஒரு துறை மாணவர் மற்றொரு துறைப் பாடத்தையும் கற்பதைப் பேசுகிறது. அக்கொள்கையை ஏற்பதில் மாநிலங்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தமிழாய்வின் தேவை அக்கொள்கைக்கு முற்பட்டது. எக்கொள்கை நிலைப்பினும் அத்தேவை நீங்காது.

பெருஞ்செலவின்றித் தொடங்கத்தக்க வழி ஒன்றை ஈண்டுக் கூறலாம். 90 செ.மீ. நீளமுள்ள ஒற்றை நரம்பை மரச்சட்டத்திற் பூட்டி அதனைக் குரலாகக் கொள்க. 80 செ.மீ. நீளத்தில் துத்தமும், 72இல் கைக்கிளையும், 67.5இல் உழையும், 60இல் இளியும், 54இல் விளரியும், 50.625இல் தாரமும், 45இல் மேற்குரலும் ஒலிக்கும். அரங்கேற்று காதை கற்பிக்கும் தமிழ் வகுப்பில் இக்கருவி இருந்தால், அலகு என்பது மனப்பாடம் செய்யும் சொல்லாக நில்லாது செவியும் கையும் அறியும் பொருளாகும். துத்தத்தையும் விளரியையும் அடுத்தடுத்து ஒலித்தால், குறைந்து நிற்கும் ஓர் அலகையும் மாணவர் தாமே கேட்டறிவர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. சிலப்பதிகார உரை தரும் அலகுக் கணக்கும் இராசிவட்டக் கணக்கும், உழையைத் தொடக்கமாகக் கொள்ளும்போது தம்முள் பொருந்தி அரிகாம்போதியைத் தருகின்றன.

2. செம்பாலை எது என்னும் வாதம் வட்டத்தின் தொடக்கப் புள்ளியைப் பற்றியதே. ஏழு பண்களின் தொகுதி இருசாரார்க்கும் ஒன்றே.

3. சம அலகுகளாகக் கொள்ளப்பட்ட 22ஐப் பண்டிதர் மறுத்தது சரியானது. சமமற்ற 22 அலகுகளை அம்மறுப்பு தாக்கவில்லை. 22, 24 ஆகிய இரண்டும் இசையின் இருவேறு வேண்டுதல்களுக்கு அமைந்த விடைகள்.

4. இம்முடிவுகளுள் எதனையும் தமிழ்ப்புலமை மட்டும் கொண்டோ, இசைப்பயிற்சி மட்டும் கொண்டோ, கணிதம் மட்டும் கொண்டோ அடைதல் அரிது.

மட்டக்களப்பில் அடிகள் பெயரால் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகம் நடைபெறுகிறது. தஞ்சையில் பண்டிதரின் பெயர் நினைவுகூரப்படுகிறது. பெயரைப் போற்றுவதினும் அவர்கள் இட்ட கணக்குகளை மீண்டும் இட்டுப் பார்ப்பதும், பிழை காணின் திருத்துவதும் அவ்விருவர்க்கும் ஏற்ற கைம்மாறு ஆகும். முத்தமிழுள் நடுவண் நின்ற இசைத்தமிழைப் படிக்கத் தமிழ் மாணவர் பின்னக் கணக்கையும், கணித மாணவர் சிலப்பதிகார உரையையும் கையில் எடுக்கும் காலம் வரவேண்டும். அதற்குரிய பாடத்தை வகுக்கும் பொறுப்பு, யாழ்நூலைத் தன் பேராசிரியர் ஒருவரிடமிருந்து பெற்ற தமிழ்த்துறைக்கே முதற்கண் உரியது.